அண்டா கழுவிய கமிட்டி

வாகைநல்லூர்க்காரர்களுக்கு மூளை கொஞ்சம் கம்மி என்று சுற்றுவட்டாரத்தில் ஒரு பேச்சு உண்டு. நம்பாதீர்கள். சொன்னதைச் சொன்னபடி, ஒரு எழுத்துப் பிசகாமல் செய்கிற ஊர் அது. அப்படிப்பட்ட ஊரில் வாயைத் திறக்கிறவர்தான் யோசித்துத் திறக்க வேண்டும்.

அந்த ஊரில் ஒரு பொதுக் கல்யாண மண்டபம். அதை நடத்த மூன்று பேர் கொண்ட கமிட்டி. தலைவர் பிரமநாயகம், எந்த விஷயத்தையும் கண்ணை மூடிக்கொண்டுதான் யோசிப்பார்; பாதி நேரம் தூங்கிவிடுவார். செயலாளர் சங்கிலிபூதத்தான், எதற்கும் தீர்மானம் போடாமல் தண்ணீர்கூடக் குடிக்க மாட்டார். மூன்றாவது ஆள் இசக்கியப்பன். மைக் செட், லைட், ஃபேன் எல்லாம் அவர் பொறுப்பு. கமிட்டிக்குக் கீழே மேனேஜராக இருபத்திரண்டு வருடமாக வேலை பார்த்தவர் ஆறுமுகநயினார். நம் கதை இவருடையது.

நயினாருக்கு ஒரே மகள், செண்பகம். நாலு வருடம் அலைந்து திரிந்து மேலக்குளத்தில் ஒரு நல்ல வரன் அமைந்தது. மாப்பிள்ளை தங்கமான பையன். மாப்பிள்ளையின் அப்பா கார்மேகம் மட்டும் கொஞ்சம் கறார். நிச்சயதார்த்தத்தன்று வெற்றிலையை மடித்துக்கொண்டே சொன்னார்:

"ஆவணி இருபத்தேழு. வாகைநல்லூர் மண்டபம். தேதி மாறினாலும் சரி, மண்டபம் மாறினாலும் சரி, நாங்க வேற எடம் பாத்துக்கிடுதோம்."

நயினார் சிரித்தார். மண்டபத்துக்கு மேனேஜரே அவர்தானே. தேதி எங்கே போய்விடப் போகிறது?

எல்லாம் கம்ப்யூட்டர் வருகிற வரைக்கும்தான்.

பக்கத்து ஊர் மண்டபத்தில் கம்ப்யூட்டரில் புக்கிங் எடுக்கிறார்கள் என்று கேள்விப்பட்டதும் கமிட்டிக்குத் தூக்கம் போய்விட்டது. தலைவருக்குப் பகல் தூக்கமும் போய்விட்டது. உடனே ஒரு பழைய கம்ப்யூட்டரை வாங்கினார்கள். நயினார் தெருவில் வளர்ந்து பெங்களூரில் வேலை பார்க்கிற கோமதி ஆனி மாத லீவில் வந்தவள், ஊருக்காகச் சும்மாவே செய்து தருகிறேன் என்று உட்கார்ந்தாள். ஒரே நாளில் முடித்துவிட்டாள்.

"சித்தப்பா, புக்கிங் எடுக்குற புரோகிராமும் அதுல எழுதுற டேட்டாவும் ஒரு கன்டெய்னருக்குள்ள ஓடுது," என்றாள்.

"கன்டெய்னர்னா என்ன தாயி?" என்றார் தலைவர்.

கோமதி சுற்றுமுற்றும் பார்த்தாள். சமையல்கட்டு வாசலில் அண்டாக்கள் வரிசையாகக் கவிழ்ந்து கிடந்தன.

"அந்தா கெடக்குல்லா அண்டா, அது மாதிரின்னு வச்சுக்கிடுங்க மாமா. சமையல் பூராவும் அதுக்குள்ளதான். ஏதாவது கோளாறு வந்தா பழைய கன்டெய்னரை அழிச்சுட்டுப் புதுசா ஒண்ணு போட்டுக்கிடலாம். அண்டாவைக் கழுவிக் கவுத்திட்டு மறுபடி அடுப்புல ஏத்துதோம்லா, அவ்வளவுதான்."

ஒரு தாளில் இரண்டு வரி எழுதிக் கொடுத்தாள். முதல் வரியை அடித்தால் பழையது அழியும். இரண்டாவது வரியை அடித்தால் புதியது ஓடும். சோதனைக்கு முதல் பதிவாக நயினார் தம் கையாலேயே 'ஆவணி 27, செண்பகம் திருமணம்' என்று அடித்தார். அவர் அடித்த அழகைக் கோமதி தன் செல்போனில் படம் பிடித்துக்கொண்டாள்.

"டேட்டாவைக் கன்டெய்னருக்கு வெளிய வைக்குற வேலை ஒண்ணு பாக்கி இருக்கு. அடுத்த தடவை வந்து பண்ணுதேன். அதுவரைக்கும் சும்மா பழகிப் பாருங்க," என்று சொல்லிவிட்டு பஸ் ஏறிப் போய்விட்டாள்.

கமிட்டி பழைய புக்கிங் நோட்டை எடுத்து, இனி இதற்கு வேலை இல்லை என்று தீர்மானம் போட்டு, அன்றைய கல்யாண அடுப்பிலேயே போட்டது. நோட்டு நன்றாக எரிந்தது.

சாயங்காலம் கதவைப் பூட்டப் போகும்போது தலைவர் திரும்பிக் கம்ப்யூட்டரைப் பார்த்தார்.

"ஏய் சங்கிலி, கன்டெய்னர் அண்டா மாதிரின்னுல்லா அந்தப் புள்ள சொல்லிட்டுப் போச்சு?"

"ஆமா அண்ணாச்சி."

"இன்னைக்கு அதுல ஒரு கல்யாணம் எழுதியாச்சு. அப்ப பொழங்குன அண்டா."

இசக்கியப்பன் பதறிப்போனார். "பொழங்குன அண்டாவைக் கழுவாம வச்சுட்டு வீட்டுக்குப் போகலாமா அண்ணாச்சி? மண்டபம் கட்டி முப்பது வருசத்துல அப்படி ஒரு அசிங்கம் நடந்ததே இல்லையே!"

உண்மைதான். வாகைநல்லூர் மண்டபத்தில் எதையும் கழுவாமல் வைக்கிற வழக்கம் கிடையாது. கல்யாண வீட்டார் கிளம்பத் தாமதமானால் அவர்கள் கையில் இருக்கிற டம்ளரைக்கூடப் பிடுங்கிக் கழுவிவிடுவார்கள். சங்கிலிபூதத்தான் தீர்மானம் எழுதினார்: கன்டெய்னரைத் தினமும் மாலையில் கழுவுவது, காலையில் ஏற்றுவது. நயினார் தாளைப் பார்த்து முதல் வரியை அடித்தார். கன்டெய்னர் அழிந்தது. எல்லோரும் நிம்மதியாக வீட்டுக்குப் போனார்கள்.

மறுநாள் காலையில் சூடம் ஏற்றி, இரண்டாவது வரியை அடித்தார்கள். திரை பளிச்சென்று வந்தது. ஒரு எழுத்து இல்லை.

"என்ன சுத்தம் பாத்தீயளா," என்றார் இசக்கியப்பன்.

நயினார் மட்டும் திரையில் மூக்கு இடிக்கிற அளவுக்குக் குனிந்து தேடினார். "செண்பகத்தைக் காணமே அண்ணாச்சி!"

"கழுவுனா ஒட்டிக்கிட்டா இருக்கும்? மறுபடி எழுதும்வே," என்றார் தலைவர்.

நயினார் மறுபடி எழுதினார். அதற்கு மறுநாளும் எழுதினார். காலையில் எழுந்து பல் விளக்கி, குளித்து, திருநீறு பூசி, மண்டபத்துக்கு வந்து மகள் கல்யாணத்தை ஒரு தடவை பதிவு செய்துவிட்டுத்தான் அவருக்குக் காபி இறங்கும். போகப் போக அது ஒரு பூஜை மாதிரியே ஆகிவிட்டது.

இதற்கிடையில் மண்டபத்தின் புகழ் பரவியது. எந்தத் தேதி கேட்டாலும் காலி! கேட்டவர்கள் வாயெல்லாம் பல்லாகத் திரும்பிப் போனார்கள். ஒரே முகூர்த்தத்தை ஒரே வாரத்தில் ஏழு பேர் வாங்கிக்கொண்டு போனார்கள். ஏழு பேருக்கும் சந்தோஷம். தலைவர் ஒருவருக்குத்தான் கவலை.

"தெனம் பத்துப் பேரு வாராங்க. நாமளும் எழுதிக்கிடுதோம். மறுநாள் பாத்தா ஒருத்தர் பேரும் இல்ல. ஏன்வே?"

"மனசு மாறியிருப்பாங்க," என்றார் செயலாளர்.

"பத்துப் பேருக்குமா?"

"கல்யாணம்னா அப்படித்தான் அண்ணாச்சி. ஒரு ராத்திரி யோசிச்சா யாருக்கும் மனசு மாறும். எனக்கு யோசிக்க நேரம் குடுக்கல, மாட்டிக்கிட்டேன்."

தலைவர் கண்ணை மூடி இதை யோசித்தார். சற்று நேரத்தில் குறட்டை கேட்டது.

ஒருநாள் நயினாருக்குக் கடைவாய்ப்பல் வலி. கன்னம் இட்லியாய் வீங்கிவிட்டது. கிராம்பு வைத்துக்கொண்டு மண்டபத்துக்கு வந்து சேரப் பதினோரு மணி. திரையைப் பார்த்தார். ஆவணி 27-இல் ஒரு பெயர் இருந்தது. அது செண்பகத்தின் பெயர் இல்லை. அரிசி மில் முத்துவிநாயகம் மகன் திருமணம் என்று இருந்தது.

நயினாருக்குப் பல்வலி நின்று நெஞ்சுவலி வந்தது.

"அண்ணாச்சி, இது எம் மக தேதி!"

"காலியா இருந்துச்சு, அவரு வந்து கேட்டாரு, எழுதிட்டோம்," என்றார் செயலாளர். "முதல்ல வந்தவருக்குத்தான் தேதின்னு தீர்மானமே இருக்கு. மேனேஜர்ங்கிறதுக்காக மாத்தினா நாளைக்கு ஊரு நம்மளைக் காறித் துப்பாதா?"

நயினார் தலையில் கை வைத்து உட்கார்ந்துவிட்டார். இசக்கியப்பன் நல்ல மனுஷன். பக்கத்தில் வந்து தோளைத் தட்டினார்.

"எதுக்கு அழுதீய? சாயங்காலம் எப்படியும் கழுவிருவோம்லா?"

கழுவினார்கள். மறுநாள் ஆறு மணிக்கே நயினார் வந்து தேதியைப் பிடித்தார். அன்று ஏதோ காரியமாக வந்த முத்துவிநாயகம் எட்டிப் பார்த்துத் திடுக்கிட்டார். அடுத்த நாள் ஐந்தரைக்கு வந்து நின்றார். அதற்கு அடுத்த நாள் நயினார் ஐந்தேகாலுக்கு. சாவி நயினாரிடம்தான் இருந்தது. முத்துவிநாயகத்தை வெளியே நிறுத்திவிட்டு உள்ளே போய் மகள் பெயரை அடித்துவிடலாம் என்று அவருக்குத் தோன்றவே இல்லை. முத்துவிநாயகம் முதலில் வந்து நின்ற நாட்களில் நயினாரே கதவைத் திறந்து, "வாங்க, உக்காருங்க," என்று உபசரித்து, தம் மகள் தேதியில் அவர் மகன் பெயரைத் தம் கையாலேயே அடித்துவிட்டு, கொல்லைப்பக்கம் போய் மூக்கைச் சிந்திக்கொண்டு வருவார்.

இப்படியே போனால் தாங்காது என்று கடைசியில் பெங்களூருக்குப் போன் போட்டார். அன்று அதிர்ஷ்டவசமாகத் திரையில் செண்பகம் பெயர் இருந்தது.

"தெனமும் அழிக்கியளா!" கோமதி போட்ட சத்தம் போனுக்கு வெளியே கேட்டது. "சித்தப்பா, மொதல்ல அதைத் தொடாதீங்க. நான் சொல்ற வரைக்கும் அதை யாரும் தொடக் கூடாது!"

அவ்வளவுதானே? கம்ப்யூட்டரைச் சுற்றி நாலு வாழைமரம் நட்டுக் கயிறு கட்டினார்கள். மவுஸைத் தொடவில்லை. கீபோர்டைத் தொடவில்லை. அந்த மேஜையைத் தொடவில்லை. புக்கிங் கேட்டு வந்தவர்களைக் கயிற்றுக்கு வெளியே நிறுத்தி, கும்பிட வைத்து அனுப்பினார்கள். இரண்டாம் நாள் ஒரு சிக்கல் வந்தது.

"ஃபேன் காத்து கம்ப்யூட்டர் மேல படுதே," என்றார் தலைவர். "படுறதும் தொடுறதும் ஒண்ணுதானா?"

"காத்துக்குக் கை இல்லையே அண்ணாச்சி," என்றார் செயலாளர்.

"கை இல்லாட்டாலும் என் மேல பட்டா எனக்குத் தெரியுதே. தெரியுதுன்னா தொடுதுன்னுதான அர்த்தம்?"

ஃபேனை நிறுத்தினார்கள். ஜன்னலை அடைத்தார்கள். நான்கு பேரும் வேர்வை ஒழுகக் காவல் இருந்தார்கள். நயினார் மட்டும் சந்தோஷமாக வேர்த்தார். கயிற்றுக்குள்ளே மகள் தேதி பத்திரமாக இருக்கிறது அல்லவா?

மூன்றாம் நாள் மத்தியானம் கரண்ட் போனது. திரை இருண்டது. கரண்ட் வந்ததும் மறுபடி ஏற்ற வேண்டும். கழுவாமல் எப்படி ஏற்றுவது? தாளில் இருந்த இரண்டு வரியையும் வரிசை மாறாமல் அடித்தார்கள். திரை பளிச்சென்று வந்தது. நயினார் வாழைமரத்தைக் கட்டிப்பிடித்துக்கொண்டு தேம்பினார்.

மறுபடி போன். இந்தத் தடவை கோமதி மெதுவாக, ஒவ்வொரு வார்த்தையாகச் சொன்னாள்.

"டேட்டா கன்டெய்னருக்கு உள்ள இருக்குறதாலதான் அதோட சேந்து அழியுது. சாம்பாரை எடுத்து வைக்காம அண்டாவைக் கழுவுனா சாம்பார் இருக்குமா? டேட்டாவை வெளிய ஒரு எடத்துல வைக்கணும். அப்புறம் இன்னொரு காப்பியும் வேணும். அது இதே கட்டடத்துல இருக்கக் கூடாது, வேற ஊர்ல இருந்தா ரொம்ப நல்லது. நான் ஆடி அமாவாசைக்கு வந்து எல்லாத்தையும் பண்ணித் தாரேன்."

கமிட்டி கூடியது.

"வெளிய வைக்கணும்னா, எதுக்கு வெளிய?" என்று தொடங்கினார் செயலாளர்.

"கன்டெய்னருக்கு வெளிய."

"கன்டெய்னர் எங்க இருக்கு?"

"கம்ப்யூட்டருக்குள்ள."

"கம்ப்யூட்டர்?"

"ரூமுக்குள்ள. ரூமு மண்டபத்துக்குள்ள."

"அப்ப மண்டபத்துக்கே வெளிய வச்சுட்டா? அதுக்கு மேல வெளிய எதுவும் இல்லையே!"

மறுநாள் திரையில் மறுபடி எழுதிய எல்லாக் கல்யாணத்தையும் மண்டபத்தின் காம்பவுண்டுச் சுவரில் வெளிப்பக்கமாகக் காவி மண்ணால் எழுதினார்கள். 'ஆவணி 27, செண்பகம்' என்று நயினார் எல்லாவற்றுக்கும் மேலே, கைக்கு எட்டாத உயரத்தில், ஏணி போட்டு எழுதினார். இரண்டாவது காப்பிக்கு வேறு ஊர் வேண்டுமே? அதற்குத்தான் மினிபஸ் இருந்தது. வாகைநல்லூரிலிருந்து பூவரசங்குளம் போய் வரும் பஸ். நாலு நாள் கழித்துப் பெயின்டர் கிடைத்தார். அதற்குள் பழையபடி தினமும் கழுவி ஏற்றுவதும், தேதி பிடிக்க முந்தி வருவதும் தொடங்கியிருந்தன. கம்ப்யூட்டரில் அன்று இருந்தது அத்தனையையும் பஸ்ஸின் முதுகில் மஞ்சள் பெயின்டில் எழுதிவிட்டார்.

அதன் பிறகு புக்கிங் முறைப்படி நடந்தது. யாராவது வந்து தேதி கேட்டால் முதலில் கம்ப்யூட்டரைப் பார்ப்பார்கள். காலியாக இருக்கும். பிறகு இசக்கியப்பன் வெளியே போய்ச் சுவரைப் பார்த்துவிட்டு வருவார். பிறகு எல்லோரும் நாலு இருபது பஸ்ஸுக்காகக் காத்திருப்பார்கள். பஸ் பின்பக்கத்தைக் காட்டி நின்றால்தான் தேதி உறுதி. ஒருநாள் பஸ் பூவரசங்குளத்திலேயே பஞ்சராகி நின்றுவிட்டது. 'காப்பி வேறு ஊரில் பத்திரமாக உள்ளது' என்று அறிவிப்புப் பலகை வைத்துவிட்டு, இசக்கியப்பன் சைக்கிளை எடுத்துக்கொண்டு படித்துவரப் போனார். சுவரில் ஐப்பசி ஐந்தாம் தேதியை ஒரு ஆடு உரசி அழித்துவிட்டது. ஆடு அழித்த தேதியில் யாரும் கல்யாணம் வைக்கக் கூடாது என்று தீர்மானம் போட்டார்கள்.

எல்லாம் சரி. பெயின்டர் பஸ்ஸில் எழுதிய நாள் முத்துவிநாயகம் முந்தி வந்த நாள். இதை நயினார் கவனிக்கவில்லை.

கவனித்தவர் கார்மேகம்.

அவர் மேலக்குளம் விலக்கில் பஸ்ஸுக்கு நின்றிருக்கிறார். மினிபஸ் அவரைத் தாண்டிப் போய் நின்றிருக்கிறது. பஸ் முதுகில், கொட்டை எழுத்தில், 'ஆவணி 27, முத்துவிநாயகம் மகன் திருமணம்' என்று இருந்திருக்கிறது. அதே பஸ்ஸில் ஏறி வந்து இறங்கினார். முகம் பார்க்கிற மாதிரி இல்லை.

"என்ன சம்பந்தி இது? ஊர் ஊரா விளம்பரம் பண்ணிட்டு ஓடுது!"

நயினார் அவர் கையைப் பிடித்துச் சுவருக்கு இழுத்துக்கொண்டு ஓடினார். "இங்க பாருங்க அண்ணாச்சி! செண்பகம் பேரு! எல்லாத்துக்கும் மேல!"

கார்மேகம் சுவரைப் பார்த்தார். மண்டபத்துக்கு எதிரே நின்ற பஸ்ஸைப் பார்த்தார். மறுபடி சுவரைப் பார்த்தார்.

"சுவரு சொல்லுறது நிசமா, பஸ்ஸு சொல்லுறது நிசமா?"

"சுவரு அசையாம நிக்கே அண்ணாச்சி," என்றார் நயினார் தழுதழுத்து.

"பஸ்ஸை நாலு ஊரு படிக்கே," என்றார் தலைவர் நடுநிலையாக.

"ஆடி அமாவாசைக்குள்ள எனக்கு ஒரே பதில் வரணும். இல்லன்னா சொல்லிட்டேன், வேற எடம் பாத்துக்கிடுதோம்," என்று துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு கார்மேகம் போனார். போவதற்கும் அதே பஸ்தான். பத்து நிமிடம் அதன் முதுகைப் பார்க்காமல் வேறு பக்கம் திரும்பி நின்றிருந்தார்.

அதன் பிறகு நயினாருக்குச் சோறு இறங்கவில்லை. செண்பகம் பட்டுப்புடவைக்கு ரவிக்கை தைக்கக் கொடுத்துவிட்டு வந்து, "கை கொஞ்சம் குட்டையா வச்சுட்டேம்பா, பரவாயில்லையா?" என்று கேட்டாள். அவர் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். "நல்லாருக்கும்மா," என்று மட்டும் சொன்னார்.

அமாவாசையன்று கோமதி வந்தாள். வாழைமரங்களைப் பார்த்தாள். சுவரைப் பார்த்தாள். நாலு இருபதுக்குப் பஸ்ஸையும் பார்த்தாள். மண்டபத்து மேடைப் படியில் உட்கார்ந்து, வெகுநேரம் முகத்தைக் கையால் மூடிக்கொண்டு குலுங்கினாள். அழுகிறாளோ என்று பயந்து இசக்கியப்பன் சோடா வாங்கி வந்தார்.

பிறகு முத்துவிநாயகத்தைக் கூப்பிட்டனுப்பினாள். செல்போனை எடுத்து, ஆனி மாதம் முதல் பதிவன்று பிடித்த படத்தைக் காட்டினாள். அதில் பல்லெல்லாம் தெரிய நயினார் உட்கார்ந்திருந்தார். அவர் பின்னால் திரையில் செண்பகத்தின் பெயர். முத்துவிநாயகம் படத்தையும் பார்த்தார், ஒட்டிய கன்னமும் குழிந்த கண்ணுமாக எதிரே நிற்கிற நயினாரையும் பார்த்தார்.

"இதை மொதல்லயே சொல்லியிருந்தா நான் காலம்பற எந்திரிச்சே இருக்க மாட்டேனே! எனக்கு இருபத்தொன்பது போதும்," என்றார். நயினார் அவரைக் கட்டிக்கொண்டார். ஒரே தேதியை வாங்கிப் போன மற்றவர்களையும் கூப்பிட்டு, கோமதி ஆளுக்கொரு தேதியாகப் பிரித்துக் கொடுத்தாள்.

கோமதி சோப்புப் பெட்டி அளவில் ஒரு ஹார்ட் டிஸ்க்கை எடுத்துக் கம்ப்யூட்டரில் செருகினாள். தாளில் இரண்டாவது வரியைக் கோடு போட்டு அடித்துவிட்டு வேறு மாதிரி எழுதினாள்.

"இனிமே டேட்டா கன்டெய்னருக்குள்ள இருக்காது. இந்த டிஸ்க்குல போய் உக்காந்துக்கிடும். கன்டெய்னரு போனாலும் வந்தாலும் இது இருக்கும். இப்ப சுவரையும் பஸ்ஸையும் பாத்து ஒவ்வொண்ணா வாசிச்சு ஏத்துங்க. எந்தக் கட்டத்தையும் காலியா விட்டுராதீங்க."

இசக்கியப்பன்தான் ஏற்றினார். பெயர், தேதி, ஊர் எல்லாம் போட்டார். ஒவ்வொரு பதிவுக்கும் கீழே 'ஒவ்வொரு ஆண்டும்' என்று ஒரு சின்னக் கட்டம் இருந்தது. கோவில் விழாக்களுக்காக வைத்தது. காலியாக விடக் கூடாது என்றாளே? நாற்பத்தொரு கல்யாணத்துக்கும் அதில் ஒரு டிக் போட்டார். நாற்பத்தொன்றும் ஏறியதும் கோமதி சட்டென்று முதல் வரியை அடித்துக் கன்டெய்னரை அழித்தாள். நயினார், "அய்யோ!" என்று அலறினார். அவள் புதிய வரியை அடித்தாள். திரை வந்தது. ஆவணி 27, செண்பகம் திருமணம்.

நயினார் கிட்டே போய் அந்த எழுத்தை விரலால் தொட்டுப் பார்த்தார். கண்ணீர் பொலபொலவென்று கொட்டியது.

"இனி போகவே போகாதா தாயி?"

"போகவே போகாது சித்தப்பா. ஆனா ஒண்ணு. இந்த டிஸ்க்குல இருக்குறதை மட்டும் யாரும் அழிக்கக் கூடாது. ஒரு வரி கூட."

ஆவணி இருபத்தேழு வந்தது. மேளம், பந்தி, பாயசம் எல்லாம் பிரமாதம். பாயசத்தில் முந்திரி மிதந்தது. கார்மேகம் ஒரு தடவை சிரித்தார் என்று பார்த்தவர்கள் சொல்கிறார்கள். இருபத்தொன்பதாம் தேதி முத்துவிநாயகம் மகன் கல்யாணமும் நல்லபடியாக நடந்தது. டிஸ்க்குக்குத் தினமும் ஒரு முழம் மல்லிகைப்பூ சாத்தினார்கள்.

அடுத்த வருடம் ஆனி மாதம் கமிட்டி கூடியது.

"இந்த வருசம் எத்தனை கல்யாணம் பதிவாயிருக்கு?" என்றார் தலைவர்.

"நாப்பத்தொண்ணு அண்ணாச்சி. ஆனா எல்லாம் போன வருசம் நடந்த ஆளுகளாட்டம் இருக்கு," என்றார் செயலாளர்.

"பதிவு இருக்கா இல்லையா?"

"இருக்கு. பேரு, ஊரு, தேதி எல்லாம் அப்படியே இருக்கு."

"அழிக்கலாமா?"

"ஒரு வரி கூட அழிக்கக் கூடாதுன்னுல்லா கோமதி சொல்லிட்டுப் போச்சு!"

தலைவர் கண்ணை மூடினார். இந்தத் தடவை தூங்கவில்லை. "அப்ப நடத்திற வேண்டியதுதான்," என்றார்.

நாற்பத்தொரு வீட்டுக்கும் தகவல் போனது. வாகைநல்லூர்ப் பக்கம் யாரும் வீண் கேள்வி கேட்க மாட்டார்கள். மண்டபத்தில் பதிவு இருந்தால் கல்யாணம் உண்டு. புடவையைத் திரும்ப இஸ்திரி போடக் கொடுத்தார்கள்.

அந்தச் சமயத்தில்தான் பெங்களூரிலிருந்து போன் வந்தது.

"சித்தப்பா, எனக்குக் கல்யாணம் கூடி வந்திருக்கு! ஆவணி இருபத்தேழு. நம்ம மண்டபம்தான் வேணும்."

"ரொம்ப சந்தோசம் தாயி. ஆனா அந்தத் தேதி காலி இல்லையே."

"யாருக்குக் கல்யாணம்?"

"எம் மகளுக்கு."

"உங்களுக்கு ஒரே மகதானே சித்தப்பா?"

"ஆமா. செண்பகத்துக்குத்தான்."

"அய்யோ... மாப்பிள்ளைக்கு என்னாச்சு?"

"அவருக்கு என்ன, நல்லாருக்காரு. அவருதான் மாப்பிள்ளை."

கோமதிக்கு விஷயம் புரியக் கால் மணி நேரம் ஆனது. புரிந்ததும் தலையில் அடித்துக்கொண்டாள். "சித்தப்பா, அந்த ஒரு வரியை மட்டும் அழிச்சுருங்க. நானே சொல்லுதேன். அழிச்சுருங்க!"

நயினார் திரையைப் பார்த்தார். பல்வலியோடு, பசியோடு, முத்துவிநாயகத்துக்கு முன்னே மூச்சிரைக்க ஓடிவந்து அவர் எத்தனை காலை எழுதிய எழுத்து அது!

"வேற என்ன வேணும்னாலும் கேளு தாயி. அதை என் கையால அழிக்கச் சொல்லாத," என்றார். "உனக்கு வேணும்னா ஐப்பசி அஞ்சு தாரேன். ஆடு அழிச்ச தேதி, முகூர்த்த நாள்ல அது ஒண்ணுதான் காலியா இருக்கு."

ஆவணி இருபத்தேழு வந்தது. மேளம் கொட்டியது. செண்பகம் மணையில் வந்து உட்கார்ந்தாள். மாப்பிள்ளை மடியில் இருந்த இரண்டு மாதக் கைக்குழந்தையை ஐயர் கொஞ்சம் நகர்த்தி வைக்கச் சொன்னார். அதன் காதருகே கெட்டிமேளம் முழங்க, மாப்பிள்ளை மறுபடி தாலி கட்டினார். போன தடவையை விட முடிச்சு சுலபமாக விழுந்தது. சனம் அட்சதை போட்டது. நயினாருக்கு அதே அழுகை, அதே ஆனந்தம்.

முதல் பந்தியில் கார்மேகம் உட்கார்ந்தார். பாயசத்தை ஒரு வாய் குடித்தார். இலையில் விரலால் துழாவிப் பார்த்தார். நயினாரைக் கிட்டே கூப்பிட்டார்.

"சம்பந்தி, போன வருசம் முந்திரி மெதந்துச்சு. இந்த வருசம் தேட வேண்டியிருக்கு. இப்படியே போச்சுன்னா சொல்லிட்டேன், அடுத்த வருசம் நாங்க வேற எடம் பாத்துக்கிடுதோம்."

நயினாருக்கு ஈரக்குலை நடுங்கிவிட்டது. வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, முந்திரி எடுக்கச் சமையல்கட்டுக்கு ஓடினார்.